தோட்ட வெந்நீர்த் தொட்டிக்கான திட்ட அனுமதி (இங்கிலாந்து)

தோட்ட வெந்நீர்த் தொட்டிக்கான திட்ட அனுமதி என்பது, இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் வெந்நீர்த் தொட்டி (ஹாட் டப்) ஒன்றை நிறுவும் முன் உள்ளாட்சித் திட்ட ஆணையத்திடம் அனுமதி பெறவேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் சட்ட விதிகளைக் குறிக்கும். வெந்நீர்த் தொட்டிக்கெனத் தனிச்சட்டம் எதுவும் அங்கு இல்லை. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டமும் அதன் கீழ் பிறப்பிக்கப்பட்ட 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி மேம்பாட்டு ஆணையுமே இதற்கும் பொருந்துகின்றன.

பெரும்பாலான தனி வீடுகளில், பின்புறத் தோட்டத்தில் தரைமீது வைக்கப்படும் தொட்டிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டி வைக்கப்படும் இடம், அதன் மேல் எழுப்பப்படும் கூரை, அதைச் சுற்றி அமைக்கப்படும் மேடை, வீட்டின் வகை ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் அனுமதி தேவைப்படலாம். நடைமுறையில் சிக்கல்கள் தொட்டியைவிட அதனுடன் சேர்ந்து வரும் கட்டுமானங்களாலேயே மிகுதியாக எழுகின்றன.

வெந்நீர்த் தொட்டி

வெந்நீர்த் தொட்டி என்பது பலர் ஒன்றாக அமர்ந்து இளைப்பாறும் வகையில் சூடாக்கப்பட்ட நீர் நிரப்பப்பட்ட பெருந்தொட்டி ஆகும். குளியல் தொட்டியைப்போல் ஒவ்வொரு முறையும் இதன் நீர் வெளியேற்றப்படுவதில்லை. பம்பு, வடிகட்டி, சூடாக்கி ஆகியவற்றின் வழியே அதே நீர் சுழன்று, வேதிப்பொருட்களால் தூய்மை செய்யப்படுகிறது. நீரைப் பீய்ச்சும் குழல்களைக் கொண்ட தொட்டிகள் பேச்சு வழக்கில் ஜக்கூசி எனப்படுகின்றன. இது உண்மையில் கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியக் குடும்பம் ஒன்று தொடங்கிய நிறுவனத்தின் வணிகப் பெயராகும். அந்நிறுவனம் 1956இல் குளியல் தொட்டிக்குள் வைக்கத்தக்க நீரழுத்தப் பம்பையும், 1968இல் பீய்ச்சுகுழல்கள் உள்ளமைந்த தொட்டியையும் வெளியிட்டது.

திட்டமிடல் சட்டத்தின் நோக்கில் தொட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்:

1. காற்றடைத்து நிறுத்தப்படும் தொட்டிகள். இவற்றை மடித்து எடுத்து வைக்கலாம். வீட்டு மின்செருகியிலேயே இயங்கும்.
2. உறுதியான உடல் கொண்ட, தரைமேல் நிற்கும் தொட்டிகள். பொதுவாக 1 மீட்டர் அளவு உயரமுள்ளவை. கற்காரைத் தளத்தின்மேல் வைக்கப்படுபவை.
3. நிலத்தைத் தோண்டி அல்லது மேடைக்குள் பதித்து அமைக்கப்படும் தொட்டிகள்.

வரலாறு

இங்கிலாந்தில் நில உரிமையாளர் தம் நிலத்தில் எதையும் கட்டலாம் என்ற நிலை 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. 1948 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பினும் அதில் மேம்பாடு செய்யும் உரிமை அரசின் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. வீட்டு உரிமையாளர்கள் செய்யும் ஒவ்வொரு சிறு வேலைக்கும் விண்ணப்பம் கேட்டால் நிருவாகம் முடங்கிவிடும். ஆகையால், குறிப்பிட்ட சிறு வேலைகளுக்கு ஆணை மூலம் பொதுவாகவே அனுமதி வழங்கும் முறையும் அப்போதே தோன்றியது. இவ்வாறு முன்கூட்டியே அனுமதி வழங்கப்பட்ட வேலைகள் அனுமதிக்கப்பட்ட மேம்பாடு எனப்படுகின்றன.

1995ஆம் ஆண்டின் ஆணையில் வீட்டு விரிவாக்கங்கள் பெரிதும் கன அளவைக் கொண்டு மதிப்பிடப்பட்டன. 2008 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை மாற்றி, உயரம், எல்லையிலிருந்து உள்ள தொலைவு, வீட்டின் முகப்பைப் பொறுத்த இடம் ஆகியவற்றை அளவுகோல்களாக்கியது. 2015 ஏப்ரல் 15 முதல் இவ்விதிகள் யாவும் புதிய ஆணையில் தொகுக்கப்பட்டன. தோட்டத்தில் அமையும் புறக்கட்டடங்களும் குளங்களும் இந்த ஆணையின் இரண்டாம் அட்டவணை, முதற்பகுதி, ஈ வகுப்பில் இடம்பெறுகின்றன.

முதற் கேள்வி: இது மேம்பாடா?

திட்ட அனுமதி தேவைப்படுவது சட்டம் மேம்பாடு என வரையறுக்கும் செயல்களுக்கு மட்டுமே. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, நிலத்திலோ நிலத்தின் மேலோ கீழோ நடைபெறும் கட்டட, பொறியியல், சுரங்க வேலைகளும், நிலத்தின் பயன்பாட்டில் ஏற்படும் குறிப்பிடத்தக்க மாற்றமும் மேம்பாடு ஆகும். வீட்டு வளாகத்திற்குள் உள்ள நிலத்தை அவ்வீட்டு வாழ்க்கையைச் சார்ந்த இன்பத்திற்காகப் பயன்படுத்துவது மேம்பாடு ஆகாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

ஆகவே தோட்டத்தில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைப்பது வேறு; கட்டடம் ஒன்றை எழுப்புவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய நீதிமன்றங்கள் மூன்று அளவுகோல்களைக் கையாளுகின்றன:

- அளவு: அது பொதுவாக அவ்விடத்திலேயே கட்டப்படும் அளவுக்குப் பெரியதா, அல்லது முழுதாகக் கொண்டுவரத்தக்கதா?
- நிலைத்தன்மை: அது எவ்வளவு காலம் அங்கு இருக்கும்?
- நிலத்துடன் பிணைப்பு: அது தரையுடன் இணைக்கப்பட்டுள்ளதா?

இந்த அளவுகோல்கள் 1949ஆம் ஆண்டு வெளியான வரிவிதிப்பு வழக்கு ஒன்றிலிருந்து பெறப்பட்டவை. மூன்றில் எதுவும் தனித்து முடிவைத் தருவதில்லை. இலண்டனின் ஆரோ பகுதியிலுள்ள விடுதி ஒன்றின் புல்வெளியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் நிறுத்தப்பட்ட பெருங்கூடாரம், பின்னர்ப் பிரித்து எடுக்கப்பட்டபோதிலும், ஒரு கட்டடமே என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஏற்றது. கழற்றி எடுத்துவிடலாம் என்ற ஒரே காரணம் போதாது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

காற்றடைக்கும் தொட்டி இவ்வளவுகோல்களின்படி கட்டடம் ஆவது அரிது. பாரவண்டியில் முழுதாக வந்திறங்கி, தன் எடையால் மட்டுமே தரைமீது நிற்கும் உறுதியான தொட்டியும் நகர்த்தத்தக்க பொருளாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. எனினும் பல ஆண்டுகள் அதே இடத்தில் நிற்பதும், நிலையான குழாய், மின்வட இணைப்புகள் இருப்பதும் எதிர்வாதத்திற்கு இடமளிக்கும். நிலத்தில் பதிக்கப்படும் தொட்டி தோண்டும் வேலையையும் கட்டுமானத்தையும் வேண்டுவதால் மேம்பாடு என்பதில் ஐயமில்லை.

தொட்டி மேம்பாடு அன்று எனில், பின்வரும் வரம்புகள் எவையும் அதற்குப் பொருந்தா. மேம்பாடு எனில், ஈ வகுப்பின் வரம்புகளுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஈ வகுப்பின் வரம்புகள்

வீட்டு வளாகத்திற்குள், வீட்டு வாழ்க்கையைச் சார்ந்த நோக்கத்திற்குத் தேவையான கட்டடம், அடைப்பு, நீச்சற்குளம் அல்லது வேறு குளம் ஆகியவற்றை அமைக்க ஈ வகுப்பு அனுமதி வழங்குகிறது. நிலையாக அமைக்கப்படும் வெந்நீர்த் தொட்டி இதிலுள்ள "வேறு குளம்" என்ற சொற்களுக்குள் அடங்கும். முதன்மையான வரம்புகள் வருமாறு:

- மூல வீட்டின் முதன்மை முகப்புச் சுவருக்கு முன்புறமுள்ள நிலத்தில் எப்பகுதியும் அமையக்கூடாது. மூல வீடு என்பது 1948 சூலை 1 அன்று இருந்த நிலையிலான வீடு. அதன்பின் கட்டப்பட்டதாயின் முதலில் கட்டப்பட்ட நிலையிலான வீடு.
- புறக்கட்டடங்கள், விரிவாக்கங்கள் முதலியன சேர்ந்து, மூல வீடு நிற்கும் நிலம் நீங்கலாக உள்ள வளாகப் பரப்பில் 50 விழுக்காட்டை மிஞ்சக்கூடாது.
- கட்டடம் ஒரு தளத்திற்கு மேற்படக்கூடாது.
- இருபுறமும் சரியும் கூரையாயின் மொத்த உயரம் 4 மீட்டருக்கும், பிற கூரைகளாயின் 3 மீட்டருக்கும் மேற்படக்கூடாது. இறவாணத்தின் உயரம் 2.5 மீட்டருக்கு மேற்படக்கூடாது.
- வளாக எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டடம் அமைந்தால் அதன் மொத்த உயரம் 2.5 மீட்டருக்கு மேற்படக்கூடாது.
- தாழ்வாரம், மாடமுகப்பு, உயர்மேடை ஆகியவை இடம்பெறக்கூடாது. 0.3 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மேடை உயர்மேடை ஆகும்.
- பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடத்தின் வளாகத்திற்குள் அமையக்கூடாது.

கட்டடத்தின் உயரம் அதை ஒட்டிய தரையிலிருந்து அளக்கப்படும். தரை ஏற்றத்தாழ்வாக இருப்பின் ஒட்டிய தரையின் மிக உயர்ந்த இடமே தொடக்கமாகக் கொள்ளப்படும்.

குளமும் கட்டடமும்

ஆணையின் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், எல்லா வரம்புகளும் குளத்திற்குப் பொருந்துவதில்லை என்பது விளங்கும். 50 விழுக்காட்டு விதியும் உயர விதிகளும் கட்டடங்கள், அடைப்புகள், எரிபொருள் கலன்கள் ஆகியவற்றையே குறிப்பிடுகின்றன, குளத்தைக் குறிப்பிடவில்லை. மாறாக, முகப்பு விதியும் மரபுக் கட்டட விதியும் குளத்தையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகின்றன. எனவே திறந்தவெளித் தொட்டியைப் பொறுத்தவரை எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முதன்மையான கேள்வியாகும். அதன்மேல் கூரை எழுப்பப்பட்டவுடன் அக்கூரைக்கு உயர விதியும் பரப்பு விதியும் சேர்ந்து பொருந்தத் தொடங்குகின்றன.

வீட்டு வளாகம்

வீட்டு வளாகம் என்பதற்கு ஆணையில் முழுமையான வரையறை இல்லை. வீட்டுக்காரருக்குச் சொந்தமான நிலம் முழுவதும் வளாகம் ஆகிவிடாது. நிலத்தின் அமைப்பு, அன்றும் இன்றும் உள்ள உடைமை, அன்றும் இன்றும் உள்ள பயன்பாடு ஆகிய மூன்றையும் நோக்கவேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1982ஆம் ஆண்டின் கால்டர்டேல் வழக்கில் கூறியது. நாட்டுப்புற வீடுகளில் தோட்ட வேலிக்கு அப்பால் உள்ள மேய்ச்சல் நிலம் பொதுவாக வளாகத்தில் சேராது. காட்சி நன்றாக உள்ளதெனக் கருதி அங்கே தொட்டியை அமைப்பவர் ஈ வகுப்பின் பயனைப் பெறமுடியாது. வேளாண் நிலத்தைத் தோட்டமாக மாற்றுவதே பயன்பாட்டு மாற்றமாகக் கருதப்பட்டு, அதற்கே அனுமதி தேவைப்படலாம்.

வீட்டு வாழ்க்கையைச் சார்ந்த நோக்கம்

உரிமையாளர் விரும்புகிறார் என்பதாலேயே ஒன்று வீட்டு வாழ்க்கையைச் சார்ந்தது ஆகிவிடாது. அந்நோக்கத்திற்கு அக்கட்டடம் உண்மையிலும் நியாயமாகவும் தேவையா என்று பார்க்கவேண்டும் எனவும், அளவு மட்டுமே முடிவு செய்யாவிடினும் அதுவும் கருதத்தக்கது எனவும் உயர் நீதிமன்றம் 1989இல் கூறியது. வீடொன்றில் பொழுதுபோக்காக 44 நாய்கள் வளர்க்கப்பட்ட வழக்கு 1991இல் சட்ட அறிக்கைகளில் வெளியானது. அவ்வளவு நாய்கள் வீட்டு வாழ்க்கையைச் சார்ந்தவை அல்ல என அதில் முடிவாயிற்று.

குடும்பத்தினர் பயன்படுத்தும் ஒரு வெந்நீர்த் தொட்டி இச்சோதனையில் எளிதில் தேறும். அதற்கென எழுப்பப்படும் பெரிய புறக்கட்டடம் அவ்வாறு தேறும் எனச் சொல்லமுடியாது. படுக்கையறை, குளியலறை, சமையலறை போன்ற முதன்மை வாழிடப் பயன்பாடுகள் இதில் அடங்கா என அரசின் தொழில்நுட்ப வழிகாட்டி கூறுகிறது. தொட்டிக்கூடத்துடன் விருந்தினர் படுக்கையறையும் குளியலறையும் சேர்க்கப்படும்போது கட்டடம் முழுவதும் ஈ வகுப்பிலிருந்து வெளியேறும் நிலை உண்டாகலாம்.

இவ்வுரிமை இல்லாத அல்லது குறைந்த இடங்கள்

அடுக்கக வீடுகள்: ஆணையில் தனி வீடு என்னும் சொல் அடுக்கக வீடுகளையும் அவை உள்ள கட்டடங்களையும் உள்ளடக்காது. ஆகையால் தனித் தோட்டம் உள்ள தரைத்தள வீடாயினும் ஈ வகுப்பு உரிமை கிடையாது. நிலையான எந்த அமைப்புக்கும் விண்ணப்பிக்கவேண்டும்.

மாற்றப்பட்ட வீடுகள்: கடை, அலுவலகம், வேளாண் கொட்டகை முதலியவற்றிலிருந்து ஆணையின் மூன்றாம் பகுதியிலுள்ள குறிப்பிட்ட வகுப்புகளின் வழி வீடாக மாற்றப்பட்டவற்றுக்கும் ஈ வகுப்பு பொருந்தாது. தொட்டிக்கு இடம் நிறைந்த நாட்டுப்புறக் கொட்டகை வீடுகள் பல இவ்வகையின.

பட்டியலிடப்பட்ட கட்டடங்கள்: வரலாற்று, கட்டடக்கலைச் சிறப்பால் பட்டியலில் சேர்க்கப்பட்ட வீடுகளின் வளாகத்தில் நிலையான தொட்டிக்கும் புறக்கட்டடத்திற்கும் திட்ட அனுமதி தேவை. மேம்பாடு ஆகாத வேலையாயினும், மின்வடத்தைப் பழஞ்சுவரில் துளையிட்டுக் கொண்டுசெல்வது போன்ற செயல் கட்டடத்தின் தன்மையைப் பாதித்தால் தனியாக மரபுக் கட்டட ஒப்புதலும் பெறவேண்டும். அவ்வொப்புதல் இன்றிச் செய்வது குற்றமாகும்.

சிறப்புக் காப்பு நிலங்கள்: தேசியப் பூங்காக்கள், பிராட்ஸ் நீர்வழிப் பகுதி, சிறந்த இயற்கை அழகுப் பகுதிகள், உலகப் பாரம்பரியக் களங்கள் ஆகியவற்றில், வீட்டுச் சுவரிலிருந்து 20 மீட்டருக்கு அப்பால் உள்ள கட்டடங்கள், குளங்கள் முதலியவற்றின் மொத்தப் பரப்பு 10 சதுர மீட்டரை மிஞ்சக்கூடாது. இங்கு குளமும் கணக்கில் சேரும். சிறந்த இயற்கை அழகுப் பகுதிகள் 2023 நவம்பர் முதல் தேசிய நிலக்காட்சிகள் என அழைக்கப்படுகின்றன. சட்டத்தில் பழைய பெயரே உள்ளது. மேற்கண்ட நிலங்களிலும் மரபுப் பாதுகாப்புப் பகுதிகளிலும், வீட்டின் பக்கச் சுவருக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஈ வகுப்பின்கீழ் எதையும் அமைக்க இயலாது.

பறிக்கப்பட்ட உரிமைகள்: ஆணையின் 4ஆம் உறுப்பின்கீழ் உள்ளாட்சி ஆணையம் குறிப்பிட்ட பகுதிகளில் இவ்வுரிமைகளை நீக்கலாம். புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கும்போது நிபந்தனை மூலமாகவும் நீக்கலாம். சிறிய தோட்டங்களுடன் நெருக்கமாகக் கட்டப்பட்ட புதுவீடுகளில் இத்தகைய நிபந்தனை இருத்தல் கூடும். வீட்டுக்கான மூல அனுமதிக் கடிதத்தைப் படித்தாலன்றி இதை அறியமுடியாது.

துணைக் கட்டுமானங்கள்

தளம்: நீரின் எடையே தளத்தின் தேவையை முடிவு செய்கிறது. 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டி 300 கிலோகிராம் எடையும் 1,200 லிட்டர் நீரும் கொண்டது எனக் கொள்வோம். தலா 75 கிலோகிராம் எடையுள்ள ஐவர் அமர்ந்தால் மொத்தம் 1,875 கிலோகிராம் ஆகும். இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 470 கிலோகிராம். இதைத் தாங்கும் கற்காரைத் தளத்திற்கு ஆணையின் எஃப் வகுப்பு அனுமதி வழங்குகிறது. முகப்புக்கும் சாலைக்கும் இடையே 5 சதுர மீட்டருக்கு மேல் அமைக்கப்படும் தளம் மட்டும் நீர் ஊடுருவத்தக்கதாக இருக்கவேண்டும், அல்லது மழைநீர் வளாகத்திற்குள்ளேயே ஊடுருவும் பரப்பிற்கு வழிந்தோடவேண்டும்.

மரமேடை: தொட்டியின் விளிம்பும் மேடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஏறி இறங்க எளிது என்பதால் பலர் உயரமான மரமேடை அமைக்கின்றனர். 0.3 மீட்டருக்கு மேற்பட்ட மேடைக்கு அனுமதி தேவை. இவ்விதியின் நோக்கம் அண்டை வீட்டாரின் மறைவைக் காப்பதாகும். வழக்கமான 2 மீட்டர் வேலிக்கு அருகில் 0.9 மீட்டர் மேடைமீது நிற்பவருக்கு அடுத்த தோட்டம் முழுவதும் தெரியும்.

கூரைப் பந்தல்: தூண்கள்மேல் நிற்கும், பக்கங்கள் திறந்த பந்தலும் நிலையாக அமைக்கப்பட்டால் கட்டடமே. இடவசதி கருதித் தோட்ட மூலையில் இதை அமைப்பவர்கள் எல்லையிலிருந்து 2 மீட்டர் என்னும் விதியைத் தவறவிடுவதுண்டு.

வேலி: மறைவுக்காக எழுப்பப்படும் வேலி ஆணையின் இரண்டாம் பகுதியில் அடங்கும். வண்டிகள் செல்லும் சாலையை ஒட்டி 1 மீட்டரும், பிற இடங்களில் 2 மீட்டரும் உயர வரம்பாகும்.

எடுத்துக்காட்டுகள்

கீழுள்ளவை விதிகளை விளக்கும் கற்பனை நிகழ்வுகள்:

1. இரட்டை வீடொன்றின் பின்தோட்டத்தில், வேலியிலிருந்து 1 மீட்டர் தள்ளிக் கற்காரைத் தளத்தின்மேல் திறந்த தொட்டி. விண்ணப்பம் தேவையில்லை.
2. அதே தொட்டியின்மேல் 2.8 மீட்டர் உயரமுள்ள தட்டைக் கூரைப் பந்தல். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் உள்ளதால் அனுமதி தேவை. பந்தல் முழுவதையும் 2 மீட்டருக்கு அப்பால் நகர்த்தினால் 3 மீட்டர் வரம்பு பொருந்தும், விண்ணப்பம் தேவைப்படாது.
3. சமதரையில் 0.6 மீட்டர் உயர மரமேடைக்குள் பதித்த தொட்டி. மேடைக்காக அனுமதி தேவை.
4. மரபுப் பாதுகாப்புப் பகுதியில் உள்ள வீட்டின் பக்கத் தோட்டத்தில் நிலத்தில் பதித்த தொட்டி. அனுமதி தேவை. பின்தோட்டத்தில் பதித்தால் தேவையில்லை.
5. தரைத்தள அடுக்கக வீட்டின் தோட்டத்தில், கோடையில் மட்டும் நிறுத்தப்படும் காற்றடைத் தொட்டி. மேம்பாடு அன்று, திட்ட அனுமதி தேவையில்லை. ஆயினும் குத்தகை ஒப்பந்தம் தடைசெய்யலாம்.

சான்றிதழும் விண்ணப்பமும்

அனுமதி தேவையில்லை என எண்ணுபவர் அதை எழுத்தில் உறுதிசெய்ய விரும்பினால் சட்டமுறை மேம்பாட்டுச் சான்றிதழ் கோரலாம். செய்யப்போகும் வேலைக்கு 192ஆம் பிரிவும், செய்து முடித்த வேலைக்கு 191ஆம் பிரிவும் பொருந்தும். செய்யப்போகும் வேலைக்கான சான்றிதழின் கட்டணம் வழக்கமான விண்ணப்பக் கட்டணத்தில் பாதியாகும். இங்கு ஆராயப்படுவது வேலை சட்டத்திற்கு உட்பட்டதா என்பது மட்டுமே; அது அழகானதா, அண்டை வீட்டார் விரும்புகின்றனரா என்பவை ஆராயப்படுவதில்லை. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்குரைஞர் எழுப்பும் கேள்விக்கு இச்சான்றிதழ் நேரடி விடையாக அமையும்.

அனுமதி தேவைப்படும் இடத்தில் வீட்டு உரிமையாளர் விண்ணப்பம் உள்ளாட்சித் திட்ட ஆணையத்திடம் அளிக்கப்படும். இருப்பிட வரைபடம், தளவரைபடம், உயரங்களைக் காட்டும் வரைபடங்கள் ஆகியவை இணைக்கப்படவேண்டும். அண்டை வீட்டாருக்குக் கருத்துக்கூற 21 நாட்கள் அளிக்கப்படும். முடிவுக்கான வழக்கமான காலம் 8 வாரங்கள். ஓசை, மறைவு, இரவு விளக்கொளி, சுற்றுப்புறத் தோற்றம் ஆகியவை கருதப்படும். அண்டை வீட்டின் விலை குறையும் என்ற வாதம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. மறுக்கப்பட்டால் 12 வாரங்களுக்குள் திட்ட ஆய்வாளர் அலுவலகத்திடம் மேன்முறையீடு செய்யலாம்.

அமலாக்கம்

அனுமதியின்றிக் கட்டுவது, பட்டியலிடப்பட்ட கட்டடங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, தன்னளவில் குற்றமன்று. அது திட்டக் கட்டுப்பாட்டு மீறல் ஆகும். நடவடிக்கை எடுப்பது தக்கதா என்பதை உள்ளாட்சி ஆணையமே முடிவு செய்கிறது. விதியைச் சிறிதளவே மீறிய, யாருக்கும் தீங்கில்லாத பந்தலுக்கு எதிராக நடவடிக்கை எடுக்காமலும் விடலாம். பின்தேதி விண்ணப்பம் அளிக்கவும் அழைக்கலாம். அமலாக்க அறிவிப்பு வழங்கப்பட்டால் அது நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே மேன்முறையீடு செய்யவேண்டும். இதற்குக் குறைந்தது 28 நாட்கள் இருக்கும். நடைமுறைக்கு வந்த அறிவிப்பைப் பின்பற்றாதது குற்றமாகும்.

நெடுங்காலம் கட்டுமானங்களுக்கு எதிரான நடவடிக்கைக்கு 4 ஆண்டுக் கால வரம்பு இருந்தது. 2023ஆம் ஆண்டின் சமநிலைப்படுத்தல், புத்தாக்கச் சட்டம் இதை இங்கிலாந்தில் 10 ஆண்டுகளாக்கியது. 2024 ஏப்ரல் 25க்கு முன் பெரும்பாலும் முடிக்கப்பட்ட வேலைகளுக்குப் பழைய 4 ஆண்டு வரம்பு தொடர்கிறது. 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கக் காலத்தில் வீட்டிலேயே தங்கியிருந்த மக்களிடையே தோட்டத் தொட்டிகளுக்கு வரவேற்பு பெருகியது. அக்காலத்தில் எழுப்பப்பட்ட பந்தல்களும் மேடைகளும் பழைய வரம்பின் பயனைப் பெறக்கூடியவை. 2024 ஏப்ரல் 25 முதல் முடிக்கப்படுபவை பத்தாண்டுகள் கேள்விக்கு உட்பட்டிருக்கும்.

மறைத்து வைத்துக் காலத்தைக் கடத்துவதும் பயன் தராது. சரே மாவட்டத்தில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மறைத்துக் கட்டப்பட்டு 2006இல் வெளிக்காட்டப்பட்ட வீடு நீண்ட வழக்குகளுக்குப் பின் 2016இல் இடிக்கப்பட்டது. வேண்டுமென்றே மறைக்கப்பட்ட மீறல்களுக்குக் கால வரம்பைக் கடந்தும் நடவடிக்கை எடுக்க 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மைச் சட்டம் வழிசெய்தது.

தொடர்புடைய பிற சட்டங்கள்

திட்ட அனுமதி தேவையில்லை என்பதால் பிற கடமைகள் நீங்கிவிடுவதில்லை.

- மின்சாரம்: தொட்டிக்கெனப் புதிய மின்சுற்று அமைப்பது கட்டட ஒழுங்குவிதிகளின் பீ பகுதியின்கீழ் அறிவிக்கத்தக்க வேலையாகும். பதிவுபெற்ற மின்பணியாளர் செய்தால் அவரே சான்றளிக்கலாம். நீரும் மின்சாரமும் சேரும் இடமாதலால், மின்கசிவு ஏற்பட்டவுடன் சுற்றைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பாதுகாப்புக் கருவி இன்றியமையாதது.
- ஓசையும் ஒளியும்: பம்பின் இரைச்சல் அல்லது இரவுநேரக் கூச்சல் அளவுகடந்தால் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி மன்றம் தணிப்பு அறிவிப்பு வழங்கலாம். செயற்கை ஒளித் தொல்லையும் 2006 முதல் இதில் அடங்கும்.
- பொதுச்சுவர்: அண்டை வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டுவதாயின் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதம் முன்பே அறிவிக்கவேண்டும்.
- மரங்கள்: காப்பு ஆணைக்கு உட்பட்ட மரத்தின் வேர்களைத் தளத்திற்காக வெட்ட ஒப்புதல் வேண்டும். மரபுப் பாதுகாப்புப் பகுதியிலுள்ள மரங்களுக்கு 6 வார முன்னறிவிப்பு வேண்டும்.
- தனியார் ஒப்பந்தங்கள்: நிலப்பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடுகளையும் குத்தகை நிபந்தனைகளையும் திட்ட அனுமதி மீறாது. வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் இசைவைப் பெறவேண்டும்.

விடுமுறை வாடகை வீடுகள்

வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகள் சுற்றுலாப் பயணிகளிடையே விரும்பப்படுகின்றன. வீட்டைக் குறுகிய காலத்திற்குப் பலருக்கு மாறிமாறி வாடகைக்கு விடுவது பயன்பாட்டு மாற்றம் ஆகுமா என்பது நிகழ்வுகளின் தன்மையையும் அளவையும் பொறுத்தது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் கூறியது. பெருங்குழுக்கள் அடிக்கடி வந்து, இரவில் தொட்டியைச் சுற்றி விருந்து நடத்துவது அத்தகைய மதிப்பீட்டில் எடுத்துக்கொள்ளப்படக்கூடியது. வீட்டு வாழ்க்கையைச் சார்ந்த நோக்கம் என்னும் சோதனையும் அப்போது கடினமாகும்.

வணிகப் பயன்பாட்டில் உடல்நலப் பாதுகாப்பு விதிகளும் பொருந்துகின்றன. வெதுவெதுப்பான, தெளிப்பை உண்டாக்கும் நீர் லெஜியோனல்லா நுண்ணுயிர் பரவ ஏற்றது. 2012இல் ஸ்டோக்-ஆன்-திரெண்ட் நகரில் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த தொட்டியிலிருந்து பரவிய நோயால் இருவர் இறந்தனர். அத்தொட்டிக்குள் யாரும் இறங்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. காற்றில் கலந்த நீர்த்துளிகளே போதுமானவையாக இருந்தன. இத்தகைய தொட்டிகளைப் பேணும் முறையைப் பற்றி உடல்நலப் பாதுகாப்பு நிருவாகம் 2017இல் விரிவான வழிகாட்டியை வெளியிட்டது.

ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகள்

திட்டமிடல் பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரம் ஆதலால் மேற்கண்ட அளவுகள் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியவை. இசுக்காட்லாந்தில் 1992ஆம் ஆண்டின் ஆணையும், வேல்சில் திருத்தப்பட்ட 1995ஆம் ஆண்டின் ஆணையும், வட அயர்லாந்தில் 2015ஆம் ஆண்டின் தனி ஆணையும் நடைமுறையில் உள்ளன. அடிப்படைக் கருத்து ஒன்றாயினும் உயரம், எல்லைத் தொலைவு, பரப்பு ஆகியவை வேறுபடுவதால் ஒரு நாட்டின் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

- நகரத் திட்டமிடல்
- நீச்சற்குளம்
- பட்டியலிடப்பட்ட கட்டடம்
- இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்பு
- லெஜியோனேயர் நோய்